பிளான்டருக்கு ஹைட்ராலிக் மோட்டாரும் சாலுக்கு ஒரு கிளட்சும்: போடலாமா?

கேள்வி: ஜூன் 9, 2024, காலை

"அண்ணா, எனக்கு பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் வேலை. மாலூர் பக்கம் ஒன்பது ஏக்கர் குத்தகைக்கு எடுத்து மக்காச்சோளம் போடுகிறோம், என் அண்ணன் பார்த்துக்கொள்கிறார். நான்கு வரிசை ஏர் பிளான்டர் (துளை போட்ட தட்டில் காற்றின் உறிஞ்சலால் விதையைப் பிடித்து விதைக்கும் கருவி) ஒன்று பழையதாக வாங்கினோம். விதைத் தட்டு எல்லாம் தரைச்சக்கரத்திலிருந்து செயினில் ஓடுகிறது. சக்கரத்தைக் கழற்றிவிட்டு, எண்ணெய் அழுத்தத்தில் ஓடுகிற ஹைட்ராலிக் மோட்டார் போட்டு, ஒவ்வொரு சாலையும், அதாவது ஒவ்வொரு விதை வரிசையையும், தனித்தனியாக நிறுத்துகிற கிளட்ச் வைத்தால், மிச்சமாகும் விதையிலேயே செலவு திரும்பிவிடும் என்று ஒருவர் சொல்கிறார். டிராக்டர் 47 ஹெச்.பி. செய்யலாமா?"

ஜூன் 9, மாலை

பெங்களூரு பீன்யாவில் இருபத்திரண்டு வருடமாக ஹைட்ராலிக் வேலை செய்கிறேன். பம்ப், வால்வு, மோட்டார் பிரித்துச் சரிசெய்வதுதான் பிழைப்பு. சொந்த ஊர் அரூர். சிறுவயதில் மக்காச்சோளம் கையால் ஊன்றியிருக்கிறேன். அதனால் இதற்கு ஒரே வரியில் பதில் போட மனம் வரவில்லை.

விதை மிச்சக் கணக்கைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள் தம்பி. தரைச்சக்கரத்தைக் குறைவாக நினைக்காதீர்கள். வண்டி நகர்ந்தால் தட்டு சுற்றும், நின்றால் நிற்கும். பிளான்டரைத் தூக்கினால் சக்கரம் தரையை விட்டுவிடும், விதைப்பும் தானாக நிற்கும். ஒயரும் இல்லை, எண்ணெயும் இல்லை. அதன் குறை இரண்டு. பொடி மண்ணிலும் ஈரத்திலும் சக்கரம் நழுவும், நழுவிய இடத்தில் விதை தள்ளி விழும். செடி இடைவெளியை மாற்ற வேண்டுமானால் இறங்கி ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல் சக்கரம்) மாற்ற வேண்டும்.

ஹைட்ராலிக் மோட்டார் போட்டால் இந்த இரண்டும் தீரும். ஆனால் சக்கரம் இதுவரை சும்மா செய்துகொண்டிருந்த எல்லா வேலையையும் இனி நாம் செய்து கொடுக்க வேண்டும். வண்டியின் வேகத்தை அளக்க ஒரு சென்சார், தட்டுகளைச் சுற்றுகிற விதைத் தண்டின் வேகத்தை அளக்க இன்னொன்று, இரண்டையும் ஒப்பிட்டு வால்வைத் திறந்து மூட ஒரு கன்ட்ரோலர், தூக்கினால் நிறுத்த ஒரு சுவிட்ச். இதில் எது சொதப்பினாலும் நழுவுகிற சக்கரமே மேல் என்று ஆகிவிடும்.

ஜூன் 9, இரவு

எண்களையும் போட்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்கு 60-க்கு 25 சென்டிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு சுமார் 1.4 மீட்டர். ஒரு சாலில் நொடிக்கு ஐந்தரை விதை விழ வேண்டும். தட்டில் 24 துளை இருந்தால் தட்டு நிமிடத்துக்கு 14 சுற்றுதான் சுற்றும். வரப்போரம் வந்து 2 கிலோமீட்டருக்கு வேகம் குறைத்தால் ஐந்தரை சுற்று.

நம்மிடம் சல்லிசாகக் கிடைக்கிற ஆர்பிட் வகை ஹைட்ராலிக் மோட்டாருக்கு இந்த வேகம் ஆகாது. பத்து சுற்றுக்குக் கீழே போனால் ஒரே சீராகச் சுற்றாமல் நின்று நின்று தள்ளும். மோட்டார் தள்ளத் தள்ள விதை இரண்டு சேர்ந்து விழும், பிறகு ஒரு ஓட்டை விடும். அதனால் மோட்டாரை நேராகத் தண்டில் மாட்டாதீர்கள். இடையில் ஐந்துக்கு ஒன்று என்று செயின் குறைப்பு வையுங்கள். அப்போது தட்டு 14 சுற்றும்போது மோட்டார் 70 சுற்றும், அதற்கு அது பழகியது. சுற்றுக்கு 50 சி.சி. மோட்டார் என்றால் நிமிடத்துக்கு மூன்றரை லிட்டர் எண்ணெய் போதும்.

சக்தி பற்றாதோ என்று பயப்பட வேண்டாம். 50 பார் அழுத்தத்தில் அந்தச் சின்ன மோட்டாரே 40 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கொடுக்கும், குறைப்புக்குப் பின் 200. எனக்கு அதுதான் கவலை. தட்டில் கல் சிக்கினால் தரைச்சக்கரம் நழுவித் தப்பிக்கும். மோட்டார் நழுவாது, செயினை அறுக்கும், இல்லாவிட்டால் தட்டை உடைக்கும். அழுத்தம் மிஞ்சினால் திறந்துவிடுகிற ரிலீஃப் வால்வை 50, 60 பாருக்கு மேல் வைக்காதீர்கள். சுமை மிஞ்சினால் தான் முறிந்து மற்றதைக் காப்பாற்றுகிற ஷியர் பின்னும் ஒன்று இருக்கட்டும்.

ஜூன் 11

எண்ணெய் எங்கிருந்து எடுப்பது? உண்மையான சிக்கல் இங்கேதான். மற்றதெல்லாம் இதற்குப் பின்னால்தான் வரும்.

நம் 40, 50 ஹெச்.பி. டிராக்டர்களில் பெரும்பாலும் கியர் பம்ப், ஓப்பன் சென்டர் சுற்று. பம்ப் ஓடுகிற வரை எண்ணெய் வந்துகொண்டே இருக்கும், தேவை இருக்கிறதோ இல்லையோ. உங்களுக்கு வேண்டியது மூன்றரை லிட்டர். வருவது கிட்டத்தட்ட 28 லிட்டர், நான் ஒரு வண்டியில் அளந்தது. மீதி எங்கே போகும்? மின் துடிப்பால் திறந்து மூடுகிற சாதாரண இரண்டு வழி பி.டபிள்யூ.எம். வால்வைக் குழாயில் மாட்டினால் மீதி எண்ணெய்க்கு வழியில்லை, அழுத்தம் ஏறி டிராக்டரின் ரிலீஃப் வால்வைத் திறந்துகொண்டு போகும். 150 பாரில் 28 லிட்டர் என்றால் ஏழு கிலோவாட் சூடு. வீட்டு கீசர் மூன்றுக்கு மேல் சேர்ந்த சூடு அது. அதே எண்ணெய்தான் கியர் பாக்ஸிலும், வண்டியைப் பொறுத்து பிரேக்கிலும் இருக்கிறது. அரை நாளில் வண்டி கொதிக்கும்.

வேண்டியது மூன்று வழி வால்வு, சுமை மாறினாலும் எண்ணெய் அளவு மாறாமல் பார்த்துக்கொள்கிற பிரஷர் காம்பன்சேட்டர் உள்ளது. மோட்டாருக்கு வேண்டியதை முதலில் கொடுத்துவிட்டு, மீதியை அழுத்தமில்லாமல் தொட்டிக்கு அனுப்பும்.

அதோடு முடியவில்லை. டி.சி.வி. லீவரை (டிராக்டர் எண்ணெயை வெளிக்கருவிக்குத் திருப்பிவிடுகிற வால்வின் லீவர்) லாக் போட்டு மோட்டாருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே இருந்தால், பல வண்டிகளில் மூன்று புள்ளி லிஃப்ட்டுக்கு எண்ணெய் கிடைக்காது. பம்பும் ஒன்று, வழியும் ஒன்று. வரப்போரம் வந்ததும் லீவரை நடுவில் கொண்டுவந்து, பிளான்டரைத் தூக்கி, திரும்பி, இறக்கி, மறுபடியும் லீவரைத் தள்ள வேண்டும். ஒரு ஏக்கரில் இருபத்தைந்து தடவைக்கு மேல் திரும்புகிறோம். ஓட்டுகிறவர் ஒரு தடவை மறந்தாலும் ஒரு சால் வெறுமையாகப் போகும்.

அதனால்தான் பிளான்டருக்கு என்று தனிப் பம்ப், தனித் தொட்டி என்கிறேன். செலவு கொஞ்சம் கூடத்தான். ஆனால் டிராக்டர் எண்ணெயில் இருக்கிற இரும்புத் துகள் உங்கள் வால்வுக்குள் போகாது. பத்து மைக்ரான் ஃபில்டர் போட்டு எண்ணெயைச் சுத்தமாக வைத்துக்கொள்ளலாம். எந்த டிராக்டரில் மாட்டினாலும் ஒரே மாதிரி நடக்கும்.

ஜூன் 11, இரவு

"டிராக்டரின் பின்பக்கம் கருவிகளை ஓட்டுகிற பி.டி.ஓ. தண்டில் ஏற்கெனவே காற்று விசிறி ஓடுகிறதே, பம்பை எங்கே மாட்டுவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். சரியான கேள்வி, நான் விட்டுவிட்டேன்.

விசிறி கியர் பாக்ஸில் பின்பக்கம் தண்டு நீட்டிக்கொண்டிருந்தால் நேராக அங்கே மாட்டலாம். இல்லாவிட்டால் விசிறித் தண்டிலிருந்து பெல்ட். ஆனால் கியர் பம்பின் தண்டு பக்கவாட்டு இழுவையைத் தாங்காது. புல்லியைப் பம்ப் தண்டில் நேராகப் போடாமல், தனி பேரிங் வைத்த தண்டில் போட்டு, அதிலிருந்து கப்ளிங் வழியாகப் பம்பை ஓட்டுங்கள். சுற்றுக்கு 8 சி.சி. பம்ப், 1000 சுற்று, நிமிடத்துக்கு 8 லிட்டர். உங்கள் நான்கு வரிசைக்கு அதுவே இரண்டு மடங்கு. 60 பாரில் ஒரு கிலோவாட்கூட ஆகாது, விசிறிக்குச் சக்தி குறையாது.

ஜூன் 12

மேலே ஒருவர், கேஸ் டிரெய்ன் குழாயை (மோட்டார் கூட்டுக்குள் கசிகிற எண்ணெயை வெளியே எடுப்பது) ரிட்டர்ன் குழாயோடு ஒரு டீ போட்டுச் சேர்த்துவிடலாம் என்று எழுதியிருக்கிறார். வேண்டாம். கேஸ் டிரெய்ன் துளை உள்ள மோட்டாரில் இதைச் செய்யவே வேண்டாம்.

போன வருடம் தொட்டபள்ளாப்பூரில் நண்பர் ஒருவருடைய பிளான்டருக்கு மோட்டார் போட்டுக் கொடுத்தேன். கேஸ் டிரெய்னைத் தனியாகத்தான் கொண்டுவந்தேன். ஆனால் கழற்றி மாட்ட வசதியாக இருக்கட்டும் என்று அதிலும் ஒரு குயிக் கப்ளர் வைத்தேன். இரண்டாம் நாள் அந்தக் கப்ளர் முழுதாக உட்காரவில்லை. கசிவு எண்ணெய் போக வழியில்லாமல் மோட்டார் கூட்டுக்குள் அழுத்தம் ஏறி, ஆயில் சீலை வெளியே தள்ளிவிட்டது. விதைத் தண்டு முழுக்க எண்ணெய். விதைப் பெட்டி இரண்டில் தெறித்து, அந்த விதையைக் கொட்ட வேண்டியதாயிற்று. அன்று காலைதான் மழை விட்டு ஈரம் சரியாக இருந்தது. மறுநாள் சீல் மாற்றி வருவதற்குள் மேல் மண் காய்ந்துவிட்டது. நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு இன்றும் அது உறுத்துகிறது.

கேஸ் டிரெய்னில் கப்ளர் கூடாது. நேராகத் தொட்டி, எண்ணெய் மட்டத்துக்கு மேலே, வேறு எதோடும் சேராமல்.

ஜூன் 15

இன்று விடுமுறை எடுத்துக்கொண்டேன். கிளட்ச் விஷயத்துக்கு வருகிறேன்.

செவ்வக நிலத்தில் சாலுக்குச் சால் நிறுத்துவதில் பெரிதாக ஒன்றும் இல்லை. நான்கு வரிசையும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடியும். சாய்ந்த வரப்பு இருக்கிற இடத்தில்தான் வேலை. நான்காம் வரிசை வரப்பைத் தொட்டிருக்கும்போது முதல் வரிசை இன்னும் சில மீட்டர் பின்னால் இருக்கும். மொத்தமாக நிறுத்தினால் முக்கோணமாக வெறும் இடம். நிறுத்தாமல் போனால் அதே முக்கோணத்தில், ஏற்கெனவே வரப்போரம் ஓட்டிய குறுக்குச் சால் மேல் இரட்டை விதை.

அந்த முக்கோணம் எவ்வளவு? பிளான்டர் அகலம் 2.4 மீட்டர். சால் போகும் திசைக்கும் வரப்புக்கும் 30 டிகிரி கோணம். முக்கோணம் 5 சதுர மீட்டர் வருகிறது. சதுர மீட்டருக்கு 6.67 செடி, ஆக 33 விதை. சாலுக்குச் சால் நிறுத்தினால் பெரிய முக்கோணம் நான்கு குட்டி முக்கோணமாகும், மொத்தப் பரப்பு நான்கில் ஒன்றாகிவிடும், 8 விதை. ஒரு ஓட்டத்துக்கு 25 விதை மிச்சம்.

ஒரு ஏக்கரைச் சதுரமாக எடுத்தால் பக்கத்துக்கு 63.6 மீட்டர். ஒரு ஓட்டத்தில் நான்கு சாலுக்கும் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம் விதை. அதில் 25 என்றால் இரண்டரை சதவீதம். ஏக்கருக்கு எட்டு கிலோ விதை போட்டால் 200 கிராம். இதற்காக நான்கு கிளட்ச், ஒயர், ரிலே, சுவிட்ச். கேள்வியில் சொன்ன "விதையிலேயே செலவு திரும்பும்" என்ற பேச்சு இங்கே நிற்காது. அமெரிக்காவில் 16, 24 வரிசை பிளான்டர் ஓட்டுகிறார்கள். அங்கே அகலம் பெரிது, முக்கோணமும் அகலத்தின் வர்க்கமாக வளரும். அங்கே எடுபடுகிற கணக்கு, சின்ன நிலத்தில் நான்கு வரிசைக்கு எடுபடாது.

என் நண்பர் கேட்டாரே என்று இந்தப் பங்குனியில் அவருக்கு நான்கு கிளட்ச் வைத்தேன். இன்னும் வயலில் ஓட்டிப் பார்க்கவில்லை.

ஜூன் 16

நேற்று எழுதியதில் ஒரு தவறு. தாவணகெரேயிலிருந்து எழுதியவர் பிடித்துவிட்டார், நன்றி.

முக்கோணம் ஒவ்வொரு ஓட்டத்தின் முனையிலும் வருவது. ஓட்டம் நீளமோ குட்டையோ, முக்கோணத்தின் அளவு மாறாது. அப்படியானால் நிலம் சின்னதாக ஆக ஆக அதன் பங்கு கூடும், குறையாது. 30 மீட்டர் ஓட்டத்தில் 480 விதைதான் விழும், அதில் 25 என்றால் ஐந்து சதவீதத்துக்கு மேல். இரண்டு பக்கமும் சாய்ந்த வரப்பு என்றால் பத்து. "சின்ன நிலத்துக்கு எடுபடாது" என்று நான் எழுதியது தலைகீழ். வர்க்கக் கணக்கு சரி, முடிவு தவறு.

விதைக்கான பணம் என்று பார்த்தால் அது இன்னும் சின்னத் தொகைதான். ஆனால் பத்து சதவீதப் பரப்பில் செடி நெருக்கியடித்து நிற்பது என்பது வேறு விஷயம். இதைப் பார்த்துவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

ஜூன் 22, இரவு

தொட்டபள்ளாப்பூரிலிருந்து இப்போதுதான் வந்தேன். உடம்பெல்லாம் மண். ஒன்றரை ஏக்கர், ஒரு பக்கம் ஓடையை ஒட்டிச் சாய்ந்த வரப்பு. கிளட்ச் போட்ட பிளான்டரை முதல் தடவையாக முழுதாக ஓட்டினோம். பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதல் சாலிலேயே ஒரு குறை தெரிந்தது. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது வேகம் சொல்கிற ஜி.பி.எஸ். ஒரு நொடி பின்தங்குகிறது. வண்டி நகர்ந்துவிட்டது, கன்ட்ரோலருக்கு இன்னும் தெரியாது. ஒரு நொடி என்றால் 1.4 மீட்டர், ஐந்து செடிக்கு இடம். இதற்கென்று கன்ட்ரோலர் பெட்டியில் ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால் ஜி.பி.எஸ். சொல்லும் வரை காத்திராமல், முன்பே வைத்த வேகத்தில் மூன்று நொடி தட்டைச் சுற்றும். இரண்டாம் சாலிலிருந்து டிரைவர் அண்ணன் அதை மறக்கவே இல்லை.

தண்டின் வேகம் ஆடிக்கொண்டே இருந்தது. காரணம் தேடி ஒரு மணி நேரம் போயிற்று. வால்வில் குறை இல்லை, சென்சார் வைத்த இடத்தில்தான் குறை. விதைத் தண்டில் 60 பல் சக்கரத்தில் வைத்திருந்தேன். 14 சுற்று என்றால் நொடிக்கு 14 துடிப்பு. எஸ்.பி. ரோட்டில் வாங்கிய கன்ட்ரோலர் போர்டு நொடிக்குப் பத்து தடவை கணக்கெடுக்கிறது. ஒரு தடவை ஒன்று கிடைக்கும், அடுத்த தடவை இரண்டு. அது பாவம், வேகம் இரட்டிப்பாகிவிட்டது என்று நினைத்து வால்வை மூடும். பல் சக்கரத்தையும் சென்சாரையும் மோட்டார் தண்டுக்கு மாற்றினோம், துடிப்பு ஐந்து மடங்கு. ஆட்டம் நின்றது.

அப்புறம் கிளட்ச். மூன்று சாலை நிறுத்தி ஒன்றை மட்டும் ஓடவிட்டுப் பார்த்தேன். என் பயம் இதுதான்: சுமை திடீரென்று குறைந்தால் தண்டு பாய்ந்து, மிச்சமிருக்கிற ஒரு சாலில் விதை நெருங்கும். திரும்ப மூன்றும் பிடிக்கும்போது தண்டு தடுமாறி இடைவெளி விழும். அப்படி நடக்கவில்லை. காம்பன்சேட்டர் பிடித்துக்கொண்டது. சாதாரண ஊசி வால்வை வைத்து எண்ணெயைக் குறைத்திருந்தால் கண்டிப்பாகப் பாய்ந்திருக்கும். கிளட்ச் நன்றாக வேலை செய்ய வேண்டுமானால் எண்ணெய்ச் சுற்று முதலில் சரியாக இருக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

ஏர் பிளான்டரில் ஒரு நல்ல விஷயம்: கிளட்ச் விட்டுத் தட்டு நின்றாலும் விசிறி ஓடுவதால் விதை துளையில் ஒட்டிக்கொண்டே இருக்கும். திரும்பப் பிடித்ததும் அங்கிருந்தே தொடரும். ஆனால் திருப்பத்தில் டிரைவர் ஆக்சிலரேட்டரை அதிகம் இறக்கினால் உறிஞ்சல் குறைந்து விதை உதிர்ந்துவிடும். எஞ்சின் வேகத்தை இறக்காமல் கியரில் வேகம் குறைக்கச் சொன்னேன்.

இன்னொன்று. 2018-ல் சிவமொக்கா பக்கம் படைப்புழு தென்பட்டதற்குப் பிறகு, பூச்சி மருந்து பூசிய விதையையே பலரும் தேடி வாங்குகிறோம். அந்தப் பூச்சு ஈரக்காற்றில் பிசுபிசுக்கும், விதை இரண்டு இரண்டாக ஒட்டும். பெட்டியில் கொஞ்சம் டால்க் பவுடர் கலந்த பிறகு சரியாயிற்று. கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

ஜூன் 23

தம்பி கேட்டது: கிளட்சை ஜி.பி.எஸ். தானாக நிறுத்தும்படி வைக்கலாமா?

இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து விமானங்களுக்காக அமைத்த, ஜி.பி.எஸ். பிழையைக் குறைக்கிற ககன் திருத்தம் வரும் ரிசீவர் இருந்தாலும், பிழை மீட்டர் கணக்கில் இருக்கும். வண்டி வேகம் அளக்க அது நன்றாகவே போதும். சாலுக்கும் சாலுக்கும் 60 சென்டிமீட்டர்தான் இருக்கும்போது எந்தச் சால் எங்கே முடிகிறது என்று அது எப்படிச் சொல்லும்? தரையில் இருக்கிற நிலையத்திலிருந்து திருத்தம் வாங்குகிற ஆர்.டி.கே. முறை வைத்தால் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் வரும். இந்திய சர்வே துறையின் கோர்ஸ் எனும் நிரந்தர நிலையங்களிலிருந்து அந்தத் திருத்தத்தை வாங்கலாம். ஆனால் ஒன்பது ஏக்கருக்கு அந்தச் செலவை நான் செய்யச் சொல்ல மாட்டேன்.

ஆண்டெனா டிராக்டர் கூரையில், விதை விழுவது மூன்றரை மீட்டர் பின்னால். அதைக் கன்ட்ரோலரில் சரியாகக் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் விதை விழும் நேரம். அரை மீட்டர் உயரத்திலிருந்து விழ 0.3 நொடி, அதற்குள் வண்டி 40 சென்டிமீட்டர் போய்விடும். கிளட்ச் விட்டபின் குழாயில் இருக்கிற விதை அந்த 40 சென்டிமீட்டருக்கும் விழுந்துகொண்டுதான் இருக்கும்.

நாங்கள் செய்தது எளிது. டிரைவர் கைக்குப் பக்கத்தில் நான்கு டாகிள் சுவிட்ச். பிளான்டர் சட்டத்தில் ஒவ்வொரு கொழுவுக்கும் நேராக, அரை மீட்டர் முன்னால் சிவப்புப் பெயின்ட் அடித்த கம்பி. கம்பி குறுக்குச் சாலைத் தொட்டால் சுவிட்சைத் தட்ட வேண்டும். டிரைவர் அண்ணன் பின்னால் திரும்பிப் பார்த்து ஓட்டிப் பழகியவர், அரை மணியில் கைக்கு வந்துவிட்டது.

ஜூன் 30

"இதெல்லாம் எதற்கு, சாலுக்கு ஒரு மின் மோட்டார் வைத்தால் கிளட்சும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாமே?" நேற்று இப்படி எழுதியவர் சொல்வது சரிதான், உலகம் அந்தப் பக்கம்தான் போகிறது. ஒவ்வொரு சாலும் தன் வேகத்தில் ஓடும். வளைவில் போகும்போது அது எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள்: 10 மீட்டர் ஆரத்தில் திரும்பினால் நம் வெளிச்சால் 10.9 மீட்டர் ஆரத்திலும் உட்சால் 9.1-லும் போகும். ஒரே தண்டில் ஓடும்போது ஒன்றில் ஒன்பது சதவீதம் தள்ளித் தள்ளியும் மற்றதில் அதே அளவு நெருக்கமாகவும் விழும். ஹைட்ராலிக் ஒற்றைத் தண்டால் இதைத் திருத்தவே முடியாது.

தடை மின்சாரம்தான். ஜான் டியர் 2014-ல் எக்ஸாக்ட்எமர்ஜ் கொண்டுவந்தபோது சாலுக்கு இரண்டு மோட்டார் வைத்தது, அதற்கு 56 வோல்ட் மின்சாரம் தனியாக உண்டாக்க வேண்டியிருந்தது. நம் வண்டியில் 12 வோல்ட், பல வண்டிகளில் 36 ஆம்பியர் ஆல்டர்னேட்டர். நான்கு சின்ன மோட்டார் என்றால் சமாளிக்கலாம் என்றே நினைக்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர் அதையும் விசாரித்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. எனக்குத் தெரிந்தது எண்ணெய், அதைப் பற்றித்தான் உறுதியாகப் பேச முடியும்.

ஜூலை 7

முளைத்த பயிரைப் பார்க்கப் போனேன். 10 மீட்டர் கயிறு பிடித்து எண்ணினேன். 40 இருக்க வேண்டிய இடத்தில் 37, 38, 36 என்று வந்தது. இடைவெளி கண்ணுக்கே ஒழுங்காகத் தெரிந்தது. மகிழ்ச்சியாக இருந்தது.

ஆனால் மூன்றாம் சால் ஒரு இடத்தில் கிட்டத்தட்ட முழு ஓட்டத்துக்கு வெறுமை. அதற்குக் காரணம் நான். ஜே.சி. ரோட்டில் அலைந்து வாங்கிய கிளட்சுகள் கரண்ட் கொடுத்தால் பிடிக்கிற வகை, கார் ஏ.சி. கம்ப்ரசரில் வருவது போல. ஒயர் முனை ஒன்று தளர்ந்ததும் கிளட்ச் விட்டுவிட்டது. முன்னால் பார்த்து ஓட்டுகிறவருக்கு அது எப்படித் தெரியும்? நண்பரின் அம்மா கூடையோடு பாடுவாசி (விதை விழாத இடம்) நிரப்பிக்கொண்டிருந்தார். எழுபது வயது. நானும் குனிந்து கூடவே ஊன்றினேன்.

கரண்ட் கொடுத்தால் விடுகிற வகைதான் வேண்டும். ஒயர் அறுந்தால் சால் ஓடிக்கொண்டே இருக்கும். இரட்டையாக விழுந்தால் ஒன்றைப் பிடுங்கிவிடலாம், விழாமல் போனால் மண் காய்வதற்குள் ஆள் தேட வேண்டும். கரண்டும் மிச்சம், ஏனென்றால் நிறுத்துகிற சில நொடிக்கு மட்டும்தான் இழுக்கும். கிடைக்காவிட்டால் குறைந்தது ஒவ்வொரு தட்டுத் தண்டிலும் ஒரு சென்சார், நின்றால் கத்துகிற பஸ்ஸர் ஒன்று.

ஜூலை 8

பாதுகாப்பு பற்றி இதுவரை எழுதாமல் விட்டது பெரிய தவறு.

தரைச்சக்கரம் வண்டி நின்றால் சுற்றாது. ஹைட்ராலிக் மோட்டார் சுற்றும். ரேடார் வேக சென்சார் வைத்தவர்கள் இன்னும் கவனம். வண்டி நின்றிருந்தாலும் கீழே புல் காற்றில் ஆடினால் வண்டி நகர்வதாக நினைத்துத் தண்டைச் சுற்றிவிடும். செயினில் கை வைத்திருக்கிறவரை யோசியுங்கள். தட்டைத் திறக்கும் முன் எஞ்சினை நிறுத்துங்கள், சாவியை எடுத்து சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஹோஸில் ஊசித்துளைக் கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்காதீர்கள். அழுத்தத்தில் வருகிற எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் இருக்காது. உள்ளே சதை அழுகும். உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலோ கையோ போகும். என்னோடு வேலை பார்த்த ஒருவர் "ஒன்றுமில்லை" என்று பேண்டேஜ் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார், இரண்டு விரல் இல்லாமல்தான் திரும்பினார். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள், எண்ணெய் அதில் தெரியும்.

அக்டோபர் 13

அறுவடைக்கு முன் தொட்டபள்ளாப்பூர் போயிருந்தேன். ஓடைப்பக்கச் சாய்ந்த வரப்பில் ஒரு பாதியைக் கிளட்ச் நிறுத்தாமல் வேண்டுமென்றே இரட்டையாக ஓட்டியிருந்தோம், ஒப்பிட்டுப் பார்க்க. அந்த முக்கோணங்களில் தட்டை ஒல்லியாக, உயரமாக, சிலது சாய்ந்து கிடந்தது. கதிர் இருந்தது, ஆனால் பல கதிர்களில் நுனிப்பக்கம் மணி பிடிக்கவில்லை. சில தட்டையில் கதிரே இல்லை. கிளட்ச் நிறுத்திய பாதியில் வரப்பு வரை ஒரே மாதிரி கதிர்.

ஜூன் 15-ல் 200 கிராம் விதை என்று நான் கணக்குப் போட்டது அற்பக் கணக்கு. இழப்பு விதையில் இல்லை. இரட்டையாக விழுந்த இடத்தில் இரண்டு பயிருமே பட்டினி கிடக்கிறது. உரமும் தண்ணீரும் அங்கேயும்தான் போட்டோம்.

ஆனாலும் தம்பி, வரிசையை மாற்றிச் செய்யாதீர்கள். இந்தப் பருவம் தனிப் பம்ப், தொட்டி, மூன்று வழி வால்வு, மோட்டார், லிஃப்ட் சுவிட்ச். அது ஒரு போகம் சீராக ஓடட்டும். அடுத்து சாய்ந்த வரப்புப் பக்கம் வருகிற இரண்டு சாலுக்கு மட்டும் கிளட்ச் வைத்துப் பாருங்கள். உங்கள் நிலத்தில் எத்தனை வரப்பு சாய்ந்திருக்கிறது என்று அண்ணனிடம் கேட்டு, கோணத்தைத் தோராயமாக அளந்து எழுதுங்கள், கணக்கு நான் போட்டுத் தருகிறேன். விதைத் தண்டு ஹெக்ஸாவா (அறுகோணம்), வட்டமா என்றும் பார்த்துச் சொல்லுங்கள். வட்டம் என்றால் ஸ்ப்ராக்கெட் சாவிக்காடி வெட்ட வேண்டியிருக்கும், பீன்யாவுக்கே எடுத்து வந்துவிடுங்கள்.